ஷோகேஸில் ஒரு சாண் இடம்

சூசையப்பர்பட்டியில் தொலைந்துபோன சாமான்கள் கல்லுக்குள் கிடைக்க ஆரம்பித்த வருஷத்தில், சத்துணவு சமையலர் மதலேனம்மாவின் வீட்டு ஷோகேஸில் ஏற்கெனவே முந்நூற்றுப் பதினோரு கற்கள் இருந்தன. அதனால் முந்நூற்றுப் பன்னிரண்டாவதாக ஒரு சொம்பு வந்து சேர்ந்தபோது, அதற்கும் எண் போடுவதா வேண்டாமா என்பதுதான் அவளுக்குக் கவலையாக இருந்ததே தவிர, ஏழு கோடி வருஷத்துச் சுண்ணாம்புக் கல்லுக்குள் சொம்பு எப்படிப் போயிற்று என்பது கவலையாக இல்லை.

ஊருக்குக் கிழக்கே, சிமெண்டுக்காக முப்பது வருஷம் தோண்டி, இனித் தோண்ட ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டுப் போன ஒரு பள்ளம் இருக்கிறது. அரியலூர்ப் பக்கத்து வழக்கப்படி ஊரில் அதைப் பழைய மைன்ஸ் என்பார்கள். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது. கடல் எழுந்து போன பிறகு அதன் நத்தையும் சிப்பியும் சுறாவின் பல்லும் கல்லாகி, வரி வரியாகப் படிந்து, யாராவது வருவார்களா என்று கிடந்தன. பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போட்டு, அண்டா கழுவிக் கவிழ்த்துவிட்டு, மூன்று மணிக்குக் குறுக்கு வழியாக அந்தப் பள்ளத்தில் இறங்கி வீட்டுக்கு ஏறுகிற மதலேனம்மா, மற்ற பெண்கள் வழியில் சுள்ளி பொறுக்குவதுபோல, கல் பொறுக்கினாள். முதலில் மடியில் கொண்டுவந்தாள், பிறகு பையில், பிறகு தலையில் சும்மாடு வைத்து. இடுப்பில் ஒரு சுத்தியலும் உளியும் எப்போதும் இருக்கும்.

சேர்த்து வைக்கிற விதத்தை அவளாகவே கண்டுபிடித்திருந்தாள். கல்லைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவாள், முறத்தில் பரப்பி நிழலில் காயவைப்பாள், சின்னதாக இருந்தால் சத்துணவு முட்டை வந்த அட்டையில் குழிக்கு ஒன்றாக அடுக்குவாள். அட்டைக்கு முப்பது குழி. சுறாப்பல்லுக்கு ஒரு அட்டை, துப்பாக்கித் தோட்டா மாதிரி கூராக இருக்கும் கல்லுக்கு ஒரு அட்டை, முதுகில் ஐந்து இதழ்ப் பூ விரிந்த உருண்டைக் கல்லுக்கு ஒரு அட்டை. எல்லாம் கட்டிலுக்கு அடியில். பெரியதும் லட்சணமானதும் ஷோகேஸுக்குப் போகும். அது அவளுடைய அண்ணன் கல்யாணச் சீராகச் செய்து கொடுத்தது: ஐந்து அடுக்கு, தள்ளுகிற கண்ணாடிக் கதவு, முதுகு முழுக்க முகம் பார்க்கிற கண்ணாடி. மற்ற வீடுகளில் அந்த இடத்தில் பிளாஸ்டிக் பூவும் தாஜ்மகாலும் பையன் வாங்கிய கபடிக் கோப்பையும் இருக்கும். இவள் வீட்டில் நத்தைக்கல் இருந்தது, சட்டி அகலத்துக்கு.

வருஷத்துக்கு ஒருமுறை மாணவர்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருகிற திருச்சிக் கல்லூரிப் பேராசிரியை கலைமதிதான், "அக்கா, எங்க எடுத்தீங்க, என்னைக்கு எடுத்தீங்கன்னு எழுதி வைக்கலைன்னா இதெல்லாம் வெறும் ஜல்லிதான்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். மதலேனம்மாவுக்குச் சுருக்கென்று இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கல்லிலும் வெள்ளை நகப்பூச்சால் ஒரு எண், பக்கத்தில் ஒரு சீட்டு, சீட்டில் இடம், வரி, தேதி.

நடு அடுக்கில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு எதையும் வைக்கமாட்டாள். அது அவள் வீட்டுக்காரர் அடைக்கலசாமியின் ரேடியோ இருந்த இடம். பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் அந்த ரேடியோவையும் மூன்று சட்டையையும் பையில் போட்டுக்கொண்டு போனவர், வரவில்லை. ரேடியோ ரிப்பேருக்கு, சட்டை இஸ்திரிக்கு, போன இடத்தில் வழி தப்பி எங்கேயோ தொலைந்துவிட்டார் என்று மதலேனம்மா சொன்னாள், ஊர் தலையாட்டியது. ரேடியோ முந்தின நாள்வரைக்கும் கணீரென்று பாடிக்கொண்டிருந்தது பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மாவுக்குத் தெரியும். வாயில் எதுவும் நிற்காத செபஸ்தியம்மா, அதை மட்டும் பதினாலு வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

அவர் விட்டுவிட்டுப் போனது இன்னொன்று உண்டு: கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு, விளிம்பில் 'ம. அடைக்கலசாமி 27-5-1996' என்று பேர் வெட்டியது. யாரும் சாப்பிடாத அந்தத் தட்டை மதலேனம்மா தினமும் காலையில் மற்ற பாத்திரங்களோடு கழுவி, சமையலறைக் கூடையில் கவிழ்த்து வைப்பாள். தொலைந்தவர் என்றைக்கு வேண்டுமானாலும் வந்து நிற்கலாம், வந்தால் பசியோடு வருவார். விட்டுவிட்டுப் போனவருக்குத் தட்டு கழுவ வேண்டியதில்லை. அவருக்காகக் கழுவினாளா, தான் தொலைந்தவரின் பெண்டாட்டிதான், விட்டுப்போனவரின் பெண்டாட்டி அல்ல என்று தனக்கே நிரூபிக்கக் கழுவினாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஆனால் அந்த ஒரு வித்தியாசம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. வேறு எதையும் அவள் யாரிடமும் கேட்டதில்லை.

சொம்புக்கு வருவோம். வடக்குச் சுவரில், மூன்றாவது வரியில், சிப்பிகளுக்கு நடுவில் ஒரு கல் வீங்கிக்கொண்டிருந்தது. உளி வைத்துத் தட்டினாள், பணியாரம் பிட்டதுபோல் இரண்டாகப் பிளந்தது, உள்ளே ஒரு சொம்பின் அச்சு, கழுத்து, வயிறு, எல்லாம். வயிற்றில் எழுத்து இருந்தது, ஆனால் என்ன மொழி என்றே புரியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து ஷோகேஸில் வைத்தபோதுதான் முதுகுக் கண்ணாடியில் எழுத்து நேராகத் திரும்பிக்கொண்டது: 'அ. செபஸ்தி 3-9-2001'.

செபஸ்தியம்மா வந்து கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என் சொம்புதான். கோயில்பிள்ளை செத்த வீட்டுக்குத் தண்ணி மொள்ளக் கொண்டுட்டுப் போனேன், அப்பறம் காணும். ஒரு வருசம் அவன் பொண்டாட்டியோட பேசாம இருந்தேனே."

"ஏழு கோடி வருசம் ஆச்சாம்க்கா இந்தக் கல்லுக்கு."

"ஆவட்டும். கழுவித்தான வெச்சிருக்க?"

அவளுக்கு ஆச்சரியம் இல்லை. பொருள் தொலைந்தால் எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும், இங்கே இருக்கிறது. கோயில்பிள்ளையின் பெண்சாதியிடம் போய் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டாள். அவள் மன்னிக்கவில்லை, அது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு மாதத்துக்கு நாலைந்து என்று வரத் தொடங்கியது. ஓய்வுபெற்ற லூர்துசாமி வாத்தியாரின் மூக்குக் கண்ணாடி, ஒரு கையில்லாமல். யாருடையதோ ஒரு பல்செட். போன பொங்கலுக்குத் தவறிய ஒரு கோழியின் எலும்பு, காலில் கட்டிய கயிற்றின் முடிச்சோடு. எலிசா என்கிற மருமகள் திருடிவிட்டாள் என்று மாமியார் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒற்றைக் கம்மலும், அதன் திருகாணியும் தனியாக இரண்டங்குலம் தள்ளி வந்தன. கல்லுக்குள் இருப்பது அச்சுதான். கம்மலைக் காதில் போடவும் முடியாது, அடகு வைக்கவும் முடியாது, பல்செட்டால் கடிக்கவும் முடியாது. பார்க்கலாம், அவ்வளவுதான். ஆனால் பார்ப்பதே போதும் என்று ஊருக்கு ஆகிவிட்டது. எலிசாவின் மாமியார் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அன்று சாயங்காலக் காப்பியில் மருமகளுக்கு ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டாள், எலிசா அதைக் குடித்தாள்.

கலைமதி மேடம் அந்தத் தை மாதம் வந்தபோது சொம்பைப் பூதக்கண்ணாடியால் அரைமணி நேரம் பார்த்தாள். சொம்பின் வாய்க்குள் ஒரு சின்னச் சிப்பி வளர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வயசு சரிதான், சொம்பும் அந்தக் கடலில்தான் கிடந்திருக்கிறது என்றாள். "இதை எழுதினா என் வேலை போயிடும்க்கா" என்றும் சொன்னாள். போகும்போது, போன வருஷம் இதே மைன்ஸில் தவறவிட்ட தன் பேனா வந்தால் சொல்லி அனுப்பும்படி கேட்டுக்கொண்டாள்.

யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு வரத்தான் வந்தது. கண்டெடுத்தவளுக்கா, தொலைத்தவருக்கா? பங்குச் சாமியார் இரண்டு பக்கமும் கேட்டார். அவர் ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பங்குக்கு வந்தவர், பேச்சு குறைவு. கல் மதலேனம்மாவுக்கு, அதைப் பார்க்கிற உரிமை தொலைத்தவருக்கு, கல் ஷோகேஸை விட்டு நகரக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். தொலைந்த பொருளுக்கு வேண்டிக்கொள்வது காலங்காலமாக அந்தோணியாரிடம்தான், அவருக்குக் கிழமை செவ்வாய். ஆகவே செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஊர்க்கோடியில் சிலுவை நட்ட சின்னக் கோயிலான குருசடியில் நவநாள் ஜெபம் முடிந்ததும், ஜனங்கள் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு நேராக மதலேனம்மா வீட்டுக்கு வந்தார்கள். செவ்வாய்க்கு மட்டும் சத்துணவுப் பொறுப்பை உதவியாளரிடம் விட்டுவிட்டு அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தாள் அவள். கோயிலிலிருந்து இரண்டு பெஞ்சு வந்தது. ஷோகேஸின் கண்ணாடியை முத்தமிட்டு முத்தமிட்டு மங்கலாக்கிவிட்டார்கள் என்று அவள் ஒரு ஈரத்துணி வைத்துக்கொண்டு பின்னாலேயே துடைத்தாள். தெருவாரியாக அடுக்கு என்று மேலத்தெருக்காரர்கள் கேட்டார்கள், குடும்பம் குடும்பமாகத் தேர்த் திருவிழா வரி வசூலிக்கிற வரிசையில் அடுக்கு என்று கோயில் கணக்கர் கேட்டார். கல் எந்த வரியில் இருந்ததோ அந்த வரிசையில்தான் இருக்கும் என்று மதலேனம்மா அசையவில்லை. அதனால் பல்செட்டுக்கு இந்தப் பக்கம் சுறாப்பல்லும் அந்தப் பக்கம் நத்தைக்கல்லும் இருந்தன. எழுத்துள்ள கற்களைக் கண்ணாடியைப் பார்க்க முதுகு திருப்பி வைத்தாள். சீட்டில் இப்போது ஒரு வரி கூடியிருந்தது. தொலைத்தவர்: இன்னார்.

நாளாக ஆக ஒரு சட்டம் புலப்பட்டது. தெரியாமல் தவறியது, மறந்து விட்டது, கைநழுவியது எல்லாம் கல்லாகி வந்தது. திருட்டுப் போனது வரவில்லை. அது எங்கே இருக்கிறது என்று ஒருவனுக்குத் தெரியுமே, அது எப்படித் தொலைந்ததாகும்? வேண்டுமென்று தூக்கிப் போட்டதும் வரவில்லை. சைக்கிள் காணோம் என்று போனால், முதலில் ஷோகேஸில் பார்த்துவிட்டு வா என்று போலீஸ்காரர் சொல்லத் தொடங்கினார். அதில் எந்தத் தப்பும் நடக்கவில்லை.

நாய் விஷயத்தில்தான் அந்தச் சட்டம் ஊருக்கு உறைத்தது. டிராக்டர் ராயப்பன் தன் நாய் தொலைந்துவிட்டது என்று நாலு செவ்வாய் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். கோழி வந்தது, ஆட்டுக்குட்டி வந்தது, நாய் வரவில்லை. ஐந்தாவது செவ்வாய் எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

"கோழியப் புடிக்குதுன்னு பெரம்பலூரு பஸ் ஸ்டாண்டுல எறக்கி வுட்டுட்டு வந்தேன்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அதான் வரல" என்றாள் செபஸ்தியம்மா. "வுட்டுட்டு வந்தது எப்புடி வரும்?"

சொன்ன பிறகுதான் எந்த வீட்டில் உட்கார்ந்து சொன்னோம் என்று அவளுக்கு நினைவு வந்தது. பெஞ்சில் இருந்த பதினேழு பேரும் நடு அடுக்கின் அந்த ஒரு சாண் வெற்றிடத்தைப் பார்த்தார்கள், பிறகு ஒரே சமயத்தில் மின்விசிறியைப் பார்த்தார்கள். ராயப்பன் அன்றே போய் நாயைக் கூட்டிவந்தான். அது வாலை ஆட்டிக்கொண்டே வந்தது. மதலேனம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவமானமாக இருந்தது, யார் மேல் என்று தெரியாத கோபமாகவும் இருந்தது.

மறுநாளிலிருந்து அவள் மைன்ஸில் பொறுக்கவில்லை, தேடினாள். மூன்று மணிக்கு இறங்கினால் வெளிச்சம் மங்குகிறவரை வடக்குச் சுவர், கிழக்குச் சுவர், குட்டைக்குப் பக்கத்துச் சரிவு என்று கல் கல்லாகப் பிளந்தாள். கை கொப்பளித்து, உடைந்து, காய்த்தது. சீட்டை முன்னதாகவே எழுதி ரவிக்கைக்குள் வைத்திருந்தாள்: 'அடைக்கலசாமி. பழைய மைன்ஸ்.' தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள். சட்டைப் பொத்தான் போதும், ரேடியோவின் திருகு போதும், ஒரு நகம் போதும். அந்தோணியாரே, அவர் செத்திருந்தாலும் பரவாயில்லை, தொலைந்திருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்ட பிறகு இது பாவமா என்று யோசித்தாள், பாவம்தான் என்று தெரிந்தது, மறுபடியும் வேண்டிக்கொண்டாள்.

ஆவணியில் செருப்பு வந்தது. இடதுகால் ஹவாய்ச் செருப்பு, ஒன்பதாம் நம்பர், குதிகால் பக்கம் தேய்ந்தது, கட்டைவிரல் வாரில் ஊக்கு குத்திச் சரிபண்ணியது. அடைக்கலசாமியின் கால் ஒன்பதாம் நம்பர். ஊரில் இன்னும் நாற்பது ஆண்களின் கால் ஒன்பதாம் நம்பர் என்பதை அன்று யாரும் நினைக்கவில்லை, அல்லது நினைத்தும் சொல்லவில்லை. மதலேனம்மா அந்தக் கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் வந்தபோது சிரித்துக்கொண்டே வந்தாள், கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே வந்தாள், பெண்கள் வாசலுக்கு வந்து மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நடு அடுக்கின் இடத்தில் செருப்பு உட்கார்ந்தது. செபஸ்தியம்மா, "தொலஞ்சுதான்டி போயிருக்காரு, பாவம் மனுசன்" என்று சொல்லி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பதினாலு வருஷமாக வாய்க்குள் இருந்த ரேடியோவை அவள் அன்றைக்கு விழுங்கிவிட்டாள்.

பங்குச் சாமியாரும் வந்து பார்த்தார். குனிந்து, ஊக்கைப் பார்த்தார். மதலேனம்மாவின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டு வீட்டுக்குப் போய், தன் கட்டிலுக்கு அடியில் ஜோடியில்லாமல் கிடந்த வலதுகால் செருப்பை எடுத்துப் பெட்டிக்கு அடியில் வைத்தார்.

அதற்குப் பிறகு நாலு மாதம் மதலேனம்மா நன்றாக இருந்தாள். ஞாயிறு பூசை மன்றாட்டில் 'வழிதவறித் தொலைந்த அடைக்கலசாமிக்காக' என்று பேர் வாசித்தார்கள். கடையில், ரேஷன் வரிசையில், எங்கே போனாலும் பேச்சின் தொனி மாறியிருந்தது. அவளைக் கண்டதும் பேச்சு நிற்பதும் நின்றது. கிளிப்பச்சையில் ஒரு புடவை எடுத்தாள். குழம்பில் உப்பு சரியாக விழுந்தது, பிள்ளைகள் மறுசோறு கேட்டார்கள். சாயங்காலம் மைன்ஸில் மறுபடியும் அவசரமில்லாமல் கல் பொறுக்கினாள், இரண்டு சுறாப்பல்லும் கலைமதி மேடத்தின் பேனாவும் கிடைத்தன.

தையில், ஒரு செவ்வாய்க்கிழமை, ஜெபம் முடிந்து பெஞ்சு நிறைந்திருந்த நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது. தலைக்குச் சாயம் பூசிய, வயிறு கொஞ்சம் விழுந்த ஒரு ஆள், தோளில் பை, பையிலிருந்து ரேடியோவின் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் நல்லாருக்கீங்களா?" என்றார் அடைக்கலசாமி.

எல்லாரும் அவருடைய காலைப் பார்த்தார்கள். இரண்டு காலிலும் செருப்பு இருந்தது. பிறகு ஷோகேஸைப் பார்த்தார்கள், அதிலும் இருந்தது.

ஊருக்கு ஒரு தர்மம் உண்டு; செபஸ்தியம்மாதான் அதைக் கையில் எடுத்தாள். "வழி தெரியாமப் போச்சாண்ணே?" என்றாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதினேழு பேரும் நம்பத் தயாராக இருந்தார்கள்.

"வழியெல்லாம் தெரியும்" என்றார் அவர். பொய் சொல்லத் தெரியாதவராகத்தான் இருந்தார், சொல்லாமல் போகத்தான் தெரிந்திருந்தது. "ஓசூருல பூப்பண்ணைக்கு வாட்ச்மேனா இருந்தேன். அங்க ஒருத்தியோட இருந்தேன். அது போன ஐப்பசியில எறந்துபோச்சு. தனியா இருக்க முடியல, அதான்."

எல்லாரும் மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தார்கள். மதலேனம்மா எழுந்து, கண்ணாடியைத் தள்ளி, நடு அடுக்கிலிருந்து கல்லை எடுத்து, தரையில் வைத்தாள்.

"அப்ப இது யாரு செருப்பு?" என்று பொதுவாகக் கேட்டாள்.

"என்னுது" என்றார் பங்குச் சாமியார், பெஞ்சின் கோடியிலிருந்து. "போன வருசம் தேருக்குத் தொலைச்சது. ஊக்கு நான் குத்துனது."

"அன்னிக்கே தெரியுமா சாமி?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"இந்தப் பங்குக்கு வந்து ஆறு வருசம் ஆச்சு மதலேன். அன்னிக்குத்தான் நீ சிரிச்சுப் பாத்தேன்."

அவளுக்கு அழுகை வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள், அவளும் எதிர்பார்த்தாள். நெஞ்சில் தேடிப் பார்த்தாள். பதினாலு வருஷமாக எந்த நேரம் கையை விட்டுப் பார்த்தாலும் தட்டுப்படுகிற அந்த வலி, இன்றைக்கு வேண்டும் என்று தேடும்போது அங்கே இல்லை. அது அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. வந்திருக்கிற ஆளுக்குப் பசிக்கும்.

"உக்காருங்க, சாப்புட்டுப் பேசலாம்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

கூடையில் தட்டு இல்லை. மேல் பலகையில் பார்த்தாள், அடுப்புக்குக் கீழே பார்த்தாள், அரிசி டிரம்முக்குப் பின்னால் பார்த்தாள். செபஸ்தியம்மா வந்து தேடினாள், எலிசா வந்து தேடினாள், கடைசியில் பெஞ்சில் இருந்த எல்லாரும் எழுந்து கட்டிலுக்கு அடியில் முட்டை அட்டைகளையெல்லாம் இழுத்துப் போட்டுத் தேடினார்கள். அடைக்கலசாமியும் எழுந்து, எதைத் தேடுகிறார்கள் என்று தெரியாமல், கூடவே தேடினார்.

"காலையில கழுவுனேன்" என்றாள் மதலேனம்மா. சொல்லிவிட்டு நின்றாள். காலையில் கழுவவில்லை. நேற்றும் கழுவவில்லை. எப்போது கழுவினாள்? கிளிப்பச்சைப் புடவைக்கு முன்னால், செருப்புக்கு முன்னால். பதினாலு வருஷம் ஒரு நாள் தவறாமல் கழுவிய தட்டை, நாலு மாதமாக, நிறுத்துகிறோம் என்றுகூடத் தெரியாமல் நிறுத்தியிருந்தாள்.

அவள் சுத்தியலையும் உளியையும் எடுத்து இடுப்பில் செருகினாள். மைன்ஸுக்கு நடந்தாள், பின்னால் ஊர் நடந்தது, ஊருக்குப் பின்னால் அடைக்கலசாமி பையோடு நடந்தார், அவருக்குப் பின்னால் ராயப்பனின் நாய் நடந்தது. வடக்குச் சுவர், மூன்றாவது வரி. தேட வேண்டியிருக்கவில்லை, முறம் அகலத்துக்கு ஒரு கல் தானாகவே துருத்திக்கொண்டு நின்றது. விளிம்பைச் சுற்றி எட்டு இடத்தில் தட்டினாள், மூடி திறப்பதுபோல் திறந்தது. வட்டமான அச்சு. நடுக்குழியில் ஒரு நத்தைக்கல் சுருண்டு கிடந்தது, யாரோ சாப்பிடாமல் விட்டுப்போன மாதிரி. விளிம்பில் எழுத்து திரும்பி நின்றது. இந்த முறை கண்ணாடி தேவைப்படவில்லை.

தலையில் வைத்துக் கொண்டுவந்து நடு அடுக்கில் நிமிர்த்தி வைத்தாள். ஒரு சாணுக்கு நாலு விரல் கூடுதல். பக்கத்தில் இருந்த பல்செட்டைக் கொஞ்சம் நகர்த்தினாள், சரியாக இருந்தது. ரவிக்கையில் அத்தனை நாள் வேர்வையில் மக்கி, பிறகு செருப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்த சீட்டை எடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுச் சீட்டு எழுதினாள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள், லூர்துசாமி வாத்தியார் ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சத்தமாக வாசித்தார்:

"நானூத்தி ரெண்டு. தட்டு. பழைய மைன்ஸ், வடக்குச் சுவர், மூணாவது வரி. தொலைத்தவர்: மதலேனம்மா."

அடைக்கலசாமி தன் பேரைக் கண்ணாடிக்குள் பார்த்தார், நேராக, தெளிவாக, தேதியோடு. "என் தட்டுதான இது" என்றார்.

"ஆமா" என்றாள். "ஏழு கோடி வருசம் ஆச்சு."

கொல்லைக்குப் போய் வாழையிலை ஒன்று நறுக்கிவந்தாள், கூடத்தில் விரித்தாள், தண்ணீர் தெளித்தாள், உப்பிலிருந்து தொடங்கி வரிசையாகப் பரிமாறினாள்: கூட்டு, பொரியல், அப்பளம், சோறு, குழம்பு. குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

"எனக்கு எதுக்கு எலை?" என்றார் அவர், உட்காராமல்.

"வந்தவங்களுக்கு எலையிலதாங்க போடுவோம். கூச்சப்படாமச் சாப்புடுங்க."

அவர் சாப்பிட்டார். பாயசம் கேட்டாரா, மோர் கேட்டாரா என்று ஊரில் பிறகு இரண்டு கட்சி உண்டு. எதையும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. அவள் எதிரில் நின்று, எந்த விருந்தாளிக்கும் கேட்பதுபோல, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று இரண்டு தடவை கேட்டாள், இரண்டாவது தடவை போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் அவர் இலையின் மேல் கைவைத்தார். உறவு தொடர வேண்டிய வீட்டில் தன் பக்கமாக மடிக்க வேண்டும், சாவு வீட்டில் எதிர்ப்பக்கமாக. அவருடைய கை இலையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது. அவர் மதலேனம்மாவைப் பார்த்தார், ஊரும் மதலேனம்மாவைப் பார்த்தது.

"அப்புடியே விடுங்க, நான் எடுத்துக்கறேன்" என்றாள் அவள். "நாலு பத்துக்கு பஸ் இருக்கு."